பாத்ரூம் வரைக்கும் ஒரு கயிறு

ஐந்து வயது தாண்டும்வரை என் அக்கா மகள் தன் காலால் நடந்த தூரத்தை எல்லாம் சேர்த்தால், எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரைக்கும்கூட வராது. அதற்குப் பாதிக் காரணம் அவள் கால். மீதிப் பாதி நாங்கள்.

முதலில் காலைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவள். இரண்டு காலும் விறைப்பாக இருக்கும். நிற்க வைத்தால் குதிகால் தரையைத் தொடாது. முட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். மூளையிலிருந்து காலுக்குப் போகிற சேதி சரியாகப் போய்ச் சேருவதில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாய்க்குப் போகிற சேதி மட்டும் இரண்டு மடங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு எந்த டாக்டரும் மருந்து எழுதித் தரவில்லை.

இனி நாங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. நான் படகு கரைக்கு வந்தால் இழுத்துக் கட்டுவேன், ஐஸ் ஏற்றுவேன், மீன் பெட்டி இறக்குவேன். அக்கா இறால் உரிக்கிற கூடத்தில் வேலை செய்கிறாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் முகம் காட்டுவார். தெருவில் மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான். தரையில் ஒன்று கிடந்தால் அது யாருடையது என்று கேட்பதற்கு முன்பே எங்கள் கை அதைத் தூக்கிவிடும். பெட்டி, வலை, பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டர் எதுவானாலும் சரி. அந்த வரிசையில்தான் அவளும் இருந்தாள். வாசற்படியிலிருந்து ஒரு காலை எடுத்துக் கீழே வைப்பாள். அதற்குள் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து இடுப்பில் வைத்துக்கொள்ளும். அந்த அக்காவிடமிருந்து ஐஸ் வண்டிக்காரர் வாங்கிக்கொள்வார். அவரிடமிருந்து நான். என் தோளில் ஏறியதும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங் போலத் திருப்புவாள். இடது பக்கம் இழுத்தால் டீக்கடை, வலது பக்கம் இழுத்தால் படகுத்துறை.

வாரம் ஒருமுறை வரும் தெரபி டீச்சர், "நடக்க விடுங்க, நடக்க விடுங்க" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஒரு முகாமில் சக்கரம் வைத்த வாக்கர்கூடக் கொடுத்தார்கள். எங்கள் சந்து இருக்கிற அழகில் அது உருளவில்லை. அக்கா அதில் ஈரத்துணி காயப்போட்டாள்.

அவளுக்கு ஒரு வேலை இருந்தது. தினமும் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பாள்.

"டேய், நேத்து ஏண்டா நீ போவல? ஜொரம்னு டபாய்ச்சிட்டுப் பட்டம் வுட்டுகினு இருந்த, நான் பாத்தேன்."

பையன்கள் தெருவின் அந்த ஓரமாக ஓடுவார்கள். வாத்தியாரைவிட இவளுக்குத்தான் பயம். ஒருநாள் எல்லாரும் போய்த் தெரு காலியானதும் அக்கா பக்கம் திரும்பி, "எனுக்கு எப்பம்மா பை வாங்குவ?" என்றாள். அக்கா கையில் இருந்த பாத்திரத்தை இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. மறுவாரம் பை வந்தது.

சேர்த்துவிடுகிற வேலை என் தலையில் விழுந்தது. கல்மண்டபம் ரோட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடம். நானும் ஐந்தாவது வரை அங்கேதான் படித்தேன். ஒன்பதாவதோடு வேறொரு பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டேன். இந்தப் பள்ளிக்கூடத்தின் முன் வாசலைவிடப் பின் மதிலோடு எனக்குப் பழக்கம் அதிகம். எந்த இடத்தில் செங்கல் பெயர்ந்து கால் வைக்கத் தோதாக இருக்கும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் குடும்பத்தில் அங்கிருந்து வெளியே ஓடப் பார்த்தவன் நான். உள்ளே ஓடப் பார்த்த முதல் ஆள் இவள்.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கீழே இறக்கி எங்களைப் பார்த்தார்.

"ஏம்பா, குழந்தையை ஏன் தோள்லயே வெச்சிருக்க? இறக்கி விடு."

"நடக்காது டீச்சர்."

மேலேயிருந்து என் முடியில் ஒரு இழுப்பு. "நடப்பேன் டீச்சர். இவுருதான் வுட மாட்றாரு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் இருந்த படங்களைக் காட்டிக் கேட்டார். இவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மீன் படம் வந்ததும், இது என்ன மீன், எந்த மாதத்தில் கிடைக்கும், இதில் முள் எத்தனை என்று டீச்சருக்கே பாடம் எடுத்தாள். ஊசி மாதிரி முள் தொண்டையில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது வரை போனாள். வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். டீச்சர் எழுந்து எங்களை வராண்டாவுக்குக் கூட்டிப்போனார்.

"சட்டப்படி நான் சேத்துக்கணும், சேத்துக்குவேன். அதுல பிரச்சினை இல்ல. அந்தக் கடைசியில தெரியுதே, அதான் பாத்ரூம். நடுவுல ரெண்டு படி இறங்குது பாரு. வாக்கர் போகாது. கைப்பிடிக் கம்பி போடச் சொல்லி எழுதியிருக்கேன், வர்றப்ப வரும். இங்க ஆயா காலையில ஒரு மணி நேரம்தான் இருப்பாங்க. நடுவுல இவளுக்கு அவசரம்னா யாரு தூக்கிட்டுப் போவா?"

"நான் வரேன் டீச்சர்."

"பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூமுக்கா?"

தலையைச் சொறியப் போனேன், அங்கே அவள் கை இருந்தது.

"பேரை எழுதிக்கறேன். வீட்டுலயே இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் டீச்சர் வந்து சொல்லிக் குடுப்பாங்க."

எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. எனக்கு அப்படி யாராவது சொல்லியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். தோளில் இருந்தவள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "வூட்லயே இஸ்கூலுன்னா எனுக்குப் பக்கத்துல யாரு குந்துவா?"

டீச்சர் வராண்டாவையும் அந்த இரண்டு படியையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "இந்த மாசம் முழுக்கப் பதினோரு மணி வரைக்கும் விடு. அதுக்கு மேல வேணாம். மாசக் கடைசிக்குள்ள அவளே தனியா போய்ட்டு வந்துட்டா நாள் முழுக்க இருக்கலாம். இல்லேன்னா வீடுதான். சரியா?"

கேட்டது என்னிடம். "சரி டீச்சர்" என்றது அவள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வாசலில் உட்கார்ந்து தெருவுக்கே ஒரு சட்டம் போட்டாள். "இனுமே என்ன யாரும் தூக்கக் கூடாது. தூக்குனா கடிப்பேன்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்து முதலில் தூக்கியவன் நான். முன்கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது. அடுத்து ஐஸ் வண்டிக்காரர். மூன்றாவதாக எதிர்வீட்டு அக்கா, அதுவும் கட்டை விரலில். அதற்குப் பிறகு தெரு அடங்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள், யாரோ பெரிய மனிதர் வருகிற மாதிரி. என் தோஸ்து ஒருவன் மட்டும் வம்புக்கு நின்றான்.

"இன்னா மாமு, ஒங்க வூட்ல கடிக்கிற அயிட்டம் ஒண்ணு கீதாமே. ஊசி போட்டாச்சா?"

"நீ வந்து தூக்கிப் பாரு, ஒனக்குத்தான் ஊசி" என்றாள் அவள், சுவரிலிருந்து கையை எடுக்காமலே. அவன் அதோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சுவர் இருக்கிற இடத்தில் நடந்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஐஸ் வண்டியில் ஏறிப் போவாள், அது தூக்குவதில் சேராதாம். விழுந்தாள், எழுந்தாள். விழுவதற்கென்றே ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். முன்னால் சாய்கிறோம் என்று தெரிந்ததும் உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுவாள். பிறகு முட்டியைத் தட்டிக்கொண்டு, நான் பார்க்கிறேனா என்று பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி மேலே பறக்கிற காக்காயைப் பார்ப்பேன். அந்த மாதத்தில் நான் பார்த்த காக்காய்க்குக் கணக்கே இல்லை.

ஆனால் பள்ளிக்கூட வராண்டாவில் ஒரு பக்கம் வகுப்புகள், கதவு திறந்தும் மூடியும் இருக்கும். இன்னொரு பக்கம் வெறும் தூண்கள். பிடித்து நடக்கச் சுவர் கிடையாது. அப்போதுதான் எனக்குக் கயிறு தோன்றியது. கடல் ஆடும்போது படகில் ஒரு கயிற்றை நீளவாக்கில் கட்டிவிடுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் நடப்பார்கள். பெரிய டீச்சரிடம் சொன்னேன். "அழுத்தமா கட்டுவியா?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் ரோசமாகவே இருந்தது. யாரைப் பார்த்து யார் கேட்கிற கேள்வி!

ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டினேன். வலையில் கோர்க்கிற கயிறு, அவள் உள்ளங்கைக்கு அடங்குகிற தடிமன். முதல் தூணிலிருந்து பாத்ரூம் கதவு வரைக்கும், அவள் இடுப்பு உயரத்துக்கு. கை வழுக்காமல் இருக்க அவள் கை எட்டுகிற தூரத்துக்கு ஒரு முடிச்சு. மொத்தம் முப்பத்தொரு முடிச்சு. கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் இதுதான் என்று தோன்றியது.

திங்கட்கிழமை அவளை விட்டுவிட்டுக் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தொபுக்கென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம். கேட்டைப் பூட்டியிருந்தார்கள். ஓடிப்போய்ப் பின் மதிலில் கால் வைத்து ஏறினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மதிலை உள்பக்கமாகத் தாண்டினேன்.

படிக்குக் கீழே கிடந்தாள். கீழ் உதடு கிழிந்திருந்தது. முன்பல் ஒன்றைக் காணோம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான், ஆனாலும் ரத்தம் சட்டையெல்லாம் வழிந்திருந்தது. தூக்கினேன். அவள் கடிக்கவில்லை.

பெரிய டீச்சர் தன் கர்சீப்பை எடுத்து அவள் உதட்டில் வைத்து அழுத்தினார். "போதும்பா. கயித்தை அவுத்துடு. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு இதைவிடப் பெருசா ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். அவர் மேல் கோபமே வரவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

வீட்டில் அக்கா துணியில் ஐஸ் வைத்து உதட்டில் ஒற்றினாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வீங்கிய உதட்டோடு மகள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"கயிறு வந்துகினே கீது மாமா."

"இன்னாது?"

"நான் அத்தப் புடிச்சா, அது நிக்காம என்கூடயே வருது. அப்பால நான் எத்தப் புடிக்கிறது?"

அக்கா ஐஸ் துணியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எப்டிடா கட்டுன?"

"எப்பவும் கட்றா மாதிரிதான்."

"லூசு வுட்டியா?"

படகைக் கரையில் கட்டும்போது கயிற்றை இறுக்கிக் கட்டக் கூடாது. தண்ணீர் ஏறும், இறங்கும். அலை வந்தால் படகு போய்வர இடம் வேண்டும். இறுக்கினால் கயிறு அறுந்துபோகும், அல்லது படகு துறைச் சுவரில் போய் முட்டும். அதனால் ஒரு முழம் தளர்த்திவிட்டுத்தான் முடிச்சுப் போடுவோம். பத்து வருடமாக அப்படிக் கட்டிக் கட்டி, என் கைக்கு வேறு மாதிரி கட்டத் தெரியவே இல்லை. தூணுக்குத் தூண் ஒரு முழம் தளர்த்தியிருக்கிறேன், அதுவும் எவ்வளவு அழகாக!

"ஏண்டா பேமானி," என்றாள் அக்கா, "இஸ்கூலு இன்னா தண்ணில மெதக்குதா?"

உதடு கிழிந்தவள் முதலில் சிரித்தாள். சிரித்ததும் வலித்து, "ஆ" என்று வாயைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே திரும்பவும் சிரித்தாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐஸ் தெறித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் போய் நின்றோம். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"டீச்சர், எம்மேல தப்பு இல்ல. மாமாக்குக் கட்டத் தெர்ல."

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் என் முடிச்சிலிருந்து ஒரு படகு நழுவியதில்லை. புயல் அன்றைக்குக்கூட ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள்.

"ஆமா டீச்சர்," என்றேன். "தெர்ல."

டீச்சர் அவள் முகத்தை நிமிர்த்தி உதட்டைப் பார்த்தார். பல் விழுந்த ஓட்டைக்குள் நாக்கை நீட்டிக் காட்டினாள் இவள். "வெள்ளிக்கிழமை. அன்னிக்குத்தான் மாசக் கடைசி. அதுக்கு மேல என்னைக் கேக்கக் கூடாது. நீ கேட்டுக்கு வெளிய நிக்கணும். மதில் ஏறிக் குதிச்சா அன்னியோட சரி" என்றார்.

தோஸ்தைக் கூட்டிப்போய் மறுபடி கட்டினேன். அவன் இழுத்துப் பிடிக்க, நான் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினேன். வீணைத் தந்தி மாதிரி நின்றது. அவன் அதன் மேல் உட்கார்ந்து பார்த்தான், தொய்யவில்லை. தளர்த்தி விட்டிருந்த கயிறெல்லாம் மிஞ்சி, ஐந்து முடிச்சு கதவுக்குப் பக்கத்தில் வீணாகப் போனது. மீதி இருபத்தாறு. புதனும் வியாழனும் வகுப்பு டீச்சர் கூடவே வர, படி வரைக்கும் போய்த் திரும்பினாள். படியில் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மழை. நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை விட்டுப் பத்து மணி வாக்கில் அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். எனக்குக் கயிற்றைப் பார்த்ததும் திக்கென்றது. இவ்வளவு நல்ல கயிறு இறுக்கமாகக் கட்டியிருந்தால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? கர்சீப், தொப்பி, மழைக்கோட்டு, யாரோ ஒருவனுடைய சாக்ஸ் என்று நனைந்ததையெல்லாம் அதில் காயப்போட்டிருந்தார்கள்.

அவள் முதல் முடிச்சைப் பிடித்தாள். இரண்டு, மூன்று. நான்காவதில் கர்சீப்.

"யாருதுடா இது? கலீஜா கீது!"

எடுத்துத் தரையில் எறிந்தாள். உள்ளேயிருந்து ஒருத்தன் ஓடிவந்து பொறுக்கினான். அடுத்தது தொப்பி, அதுவும் தரைக்குப் போனது. சாக்ஸை இரண்டு விரலால் தூக்கி மூக்கைச் சுளித்து வீசினாள். மழைக்கோட்டை வீச முடியவில்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கீழே தள்ளினாள். அதற்குள் வகுப்பே வெளியே வந்துவிட்டது. ஒரு பையன் அவள் முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டினான். அவள் திரும்பி அவன் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவனும் எங்கள் தெருப் பையன். கையைச் சட்டென்று பின்னால் வைத்துக்கொண்டான்.

படி வந்தது. பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, ஒரு காலை இறக்கினாள். கால் விறைத்துக்கொண்டு பாதியில் நின்றது. முட்டி முட்டியில் இடித்தது. அடுத்த கால் வழுக்கிவிட்டது. அப்படியே கயிற்றில் தொங்கினாள். பெரிய டீச்சர் ஆபீஸ் ரூமிலிருந்து இரண்டடி ஓடிவந்தார். வந்தவர் நின்றார். தன் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த மாதிரியே.

கயிறு வரவில்லை. இருந்த இடத்திலேயே நின்றது. அதைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே இழுத்து, காலைத் தேடி, தரையில் ஊன்றி நின்றாள். ஒரு மூச்சு விட்டாள். இரண்டாவது படியில் அவசரப்படவில்லை. இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள். கதவு மூடியது.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் எத்தனையோ படகு திரும்பி வரக் காத்திருந்திருக்கிறேன். இவ்வளவு நேரம் எந்தப் படகும் எடுத்துக்கொண்டதில்லை.

கதவு திறந்தது. முகமெல்லாம் தண்ணீர், பாவாடை ஓரம் ஈரம். பெரிய டீச்சர் அங்கிருந்தே கேட்டார்: "போய்ட்டு வந்துட்டியா?"

"ம். உள்ள கொழா ஒழுவுது டீச்சர். யார்னா பாக்க மாட்டீங்களா?"

டீச்சர் சிரித்தபடியே கேட்டுப் பக்கம் திரும்பினார். "ஏம்பா, திங்கக்கிழமை தட்டும் டம்ளரும் குடுத்து அனுப்பு. மதியம் இங்கயே சாப்பிடட்டும்."

வெளியே வந்ததும் நான் பழக்கதோஷத்தில் குனிந்து தோளைக் காட்டினேன். கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த ரோட்டை ஒருமுறை பார்த்தாள்.

"ரோட்டத் தாண்ட மட்டும்," என்றாள். "அந்தாண்ட போனதும் எறக்கி வுட்டுடணும்."

திங்கட்கிழமை மதியம் ஐஸ் ஏற்றி முடித்துவிட்டு அந்தப் பக்கமாக வந்தேன். கேட்டுக்குப் போகவில்லை, கூச்சமாக இருந்தது. பின் மதிலோரம், என் பழைய செங்கலுக்குக் கீழே நின்றேன். சாப்பாட்டு மணி அடித்து முடிந்தது. தட்டுக் கழுவுகிற குழாயும் அந்தப் பாத்ரூம் பக்கம்தான். அவளுக்கு இரண்டு கையும் கயிற்றுக்கு வேண்டும் என்று, தட்டையும் டம்ளரையும் ஒரு துணிப்பையில் போட்டு அக்கா கழுத்தில் மாட்டி அனுப்பியிருந்தாள். பிள்ளைகள் இரைச்சலோடு ஓடி ஓடிக் குழாய்க்குப் போனார்கள். அந்த இரைச்சல் அடங்கியதற்குப் பிறகு, தனியாக, மெதுவாக, தட்டில் டம்ளர் இடிக்கிற சத்தம் வந்தது. ணங். கொஞ்சம் இடைவெளி. ணங்.

முடிச்சுக்கு ஒன்று. எண்ணிக்கொண்டே நின்றேன். பதினேழில் சத்தம் நின்றது. படியாக இருக்கும். மதிலில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். மேலே ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தேன்.

ணங்.